லுசேர்னில் பின்கதவால் போனது

சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில் நானும் மனைவியும் வேலை செய்யும் ஹோட்டலை வருடத்தில் இரண்டு முறை பூட்டுவார்கள். பனி கரையும் காலத்தில் ஒருமுறை, இலை உதிரும் காலத்தில் ஒருமுறை. அந்த வாரங்களில் நாங்கள் வீட்டில்தான் இருப்போம். அவள் திரைச்சீலைகளைத் தோய்ப்பாள், நான் பல்கனியைக் கழுவுவேன். 2012 மே மாதம் மட்டும் லுசேர்னுக்குப் போனோம். ஒரேயொரு இரவு.

போனதற்குக் காரணம் எங்கள் முதலாளி. நான் அங்கே பாத்திரம் கழுவத் தொடங்கி அந்த வருடத்தோடு இருபது வருடம். அவள் அறைகள் துப்புரவாக்கத் தொடங்கிப் பதினேழு வருடம். சீசனின் கடைசி நாள் முதலாளி வேலையாட்கள் எல்லோரையும் சாப்பாட்டு மண்டபத்துக்கு அழைத்து, கைதட்டச் சொல்லி, என்னிடம் ஒரு கடித உறையைத் தந்தார். லுசேர்ன் ஏரிக்கரையில் உள்ள பெரிய ஹோட்டல் ஒன்றில் இருவர் ஓர் இரவு தங்குவதற்கான அன்பளிப்புச் சீட்டு அதற்குள் இருந்தது. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதில் அடக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் ஒன்றாகப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நன்றி என்றுகூட ஒழுங்காகச் சொல்லாமல் உறையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "உதை ஆருக்கும் குடுத்துவிடுவம்" என்றேன்.

"குடுத்துப் பாருங்கோ" என்றாள். "பதினேழு வருசமா மற்றவை படுத்து எழும்பின கட்டிலைத்தான் விரிக்கிறன். ஒரு நாள் நான் படுத்ததை ஆராவது விரிக்கட்டும். எனக்கு முன்னாலை ஒருத்தர் தட்டைக் கொண்டுவந்து வைக்கட்டும். அந்த ஒரு நாளும் நான் எழும்பமாட்டன், சொல்லிப்போட்டன்."

அவள் இதுவரை என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அதனால் போனோம்.

சிவப்பு ரயிலில் கூர் நகரம் வரைக்கும் வந்து, பிறகு இரண்டு முறை மாறி, காலை பதினொரு மணிக்கு லுசேர்னில் இறங்கினோம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே ஏரி. பூத்தொட்டிகள் தொங்கும் மரப்பாலம், வெள்ளைக் கப்பல்கள், பின்னால் மலை. கலண்டரில் எல்லோரும் பார்த்திருக்கும் இடம்தான். எங்கள் பள்ளத்தாக்கிலும் ஏரியும் மலையும் இருப்பதால் எனக்கு அவை புதிதாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது வேறு. அன்னங்களை அன்றைக்குத்தான் கிட்ட நின்று பார்த்தேன். கழுத்து அழுக்கு மஞ்சள். ஆட்கள் பாண் துண்டுகளை எறிய எறிய ஒன்றையொன்று கொத்தின. கரையில் இருந்த கற்படிகள் முழுவதும் பச்சையாக எச்சம். வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒரு பெண் அதன்மேல் இருந்து படம் எடுத்துவிட்டு எழும்பிப் போனாள். பஸ்களில் வந்திறங்கிய கூட்டம் மணிக்கூட்டுக் கடைகளின் வாசலில் வரிசையாக நின்றது. கடைக்குள்ளிருந்து வந்த வாசனைத் தண்ணீரின் மணம் ஏரித் தண்ணீரின் பாசி மணத்தோடு சேர்ந்து மூக்கில் ஏறியது. நல்ல கோட்டுப் போட்ட ஒரு கிழவர் தன் ஐஸ்கிறீமை நாய்க்கு நக்கக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தான் நக்கினார்.

"பாத்தீரோ?" என்றேன்.

"நான் ஏரியைப் பாக்கிறன்" என்றாள் மனைவி. "உங்களுக்கு எங்க போனாலும் ஊத்தைதான் முதல் கண்ணிலை படும்."

அவள் கடும் நீலத்தில் ஒரு நீளச் சட்டை போட்டிருந்தாள். புதிது. முதல் நாளே தலைக்கு மை பூசி, நகம் வெட்டி, கைகளுக்குக் கிறீம் தடவியிருந்தாள். துப்புரவு மருந்து பட்டு வெடித்த கைகள் அவை. அன்றைக்குக் கொஞ்சம் மினுங்கின.

ஹோட்டல் ஏரிக்கரை வீதியில் இருந்தது. வாசலில் பொத்தான் வைத்த கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட ஓர் ஆள் கார்க் கதவுகளைத் திறந்துகொண்டிருந்தான். சக்கரம் தேய்ந்த எங்கள் பெட்டி கல் வீதியில் கடகடவென்று சத்தம் போட்டது. அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்தது அவ்வளவுதான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீதியின் மறுபக்கம் போனேன்.

"நீர் உதிலை இரும். நான் போய் எத்தினை மணிக்கு அறை தருவினம் எண்டு கேட்டுக்கொண்டு வாறன்" என்று மனைவியை அங்கே ஏரிக்கரையில் இருந்த வாங்கில் இருத்திவிட்டு நடந்தேன்.

தொப்பிக்காரனைத் தாண்டிப் போய்க் கட்டடத்தின் பக்கவாட்டில் திரும்பினேன். அங்கே குப்பைத் தொட்டிகள், காலிப் போத்தல் பெட்டிகள், சாம்பல் நிறத்தில் ஓர் இரும்புக் கதவு. கதவில் 'பெர்சனால்' என்று எழுதியிருந்தது. வேலையாட்கள் என்பதற்கு ஜெர்மன் மொழியில் அதுதான் சொல். இருபது வருடத்தில் நான் எந்த ஹோட்டலுக்குள்ளும் முன்வாசலால் போனதில்லை. பின்கதவால் போய் யாரிடமாவது மெதுவாக விசாரித்துவிட்டு வந்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம். தள்ளினேன், திறந்தது.

உள்ளே எனக்கு நன்றாகத் தெரிந்த நாற்றம். சூடான சோப்புத் தண்ணீர், பழைய எண்ணெய், ஈரத் துணி. வெள்ளைச் சட்டை போட்ட சமையற்காரர் ஒருவர் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கி, "ஒருவழியா வந்துசேர்ந்தாயே!" என்று ஜெர்மனில் கத்தினார். அன்றைக்கு மத்தியானம் ஒரு கலியாண விருந்து. ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றிலிருந்து பாத்திரம் கழுவ வரவேண்டியவன் வரவில்லை. அவன்தான் நான் என்று நினைத்துவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த நேரம் அவர் படபடவென்று கேட்டதில் 'கழுவ' என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. அந்தச் சொல்லுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்றுதான்.

"யா" என்றேன்.

என் ஜாக்கெட்டைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஏப்ரன் ஒன்று தலையில் வந்து விழுந்தது. அடுத்த நிமிடம் கழுவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கே தனியாக நின்றவன் ஒரு தமிழன். முப்பத்தைந்து வயது இருக்கும். தண்ணீரில் தோய்ந்து போயிருந்தான்.

"ஐயோ, தமிழோ! கடவுள்தான் அனுப்பியிருக்கிறார் அண்ணை. விடியத் தொடக்கம் தனிய நிண்டு சாகிறன். எந்த ஏஜென்சி?"

"ம்…"

"ஊரிலை எவ்விடம்?"

"வடமராட்சிப் பக்கம்."

"அதுதானே, கையைப் பாத்தாலே தெரியுது, வேலை தெரிஞ்ச ஆள் எண்டு. உந்தக் கூடையை இழுங்கோ அண்ணை."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் இந்த ஹோட்டலில் தங்க வந்தவன் என்று. ஐந்து சொல். அந்த ஐந்து சொல்லையும் மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். ஈர ஏப்ரனோடு நிற்கும் ஒருவனிடம் அதைச் சொன்னால், பெருமை பேச வந்தவன் என்று நினைப்பான். அல்லது சிரிப்பான். சமையற்காரரிடம் ஜெர்மனில் சொல்ல மொழி போதாது, தமிழனிடம் சொல்ல வாய் வரவில்லை. கூடையை இழுத்தேன்.

அவன் வாய் ஓயாத ஆள்.

"என்ர மனிசி ஒவ்வொரு நாளும் கேக்கிறா அண்ணை, ஒருக்கா உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ எண்டு. காட்டலாம், வாளியோடை வா எண்டு சொல்லியிருக்கிறன்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "என்ன அண்ணை, சிரிக்கவும் மாட்டியள் போல?"

"ஓம்" என்றேன்.

"ஓமோ? நல்ல ஆள்தான்!"

மேலே விருந்து தொடங்கிவிட்டது. தட்டுகள் வரத் தொடங்கின. எங்கள் ஹோட்டலில் இருபது வருடமாகப் பார்த்த அதே எச்சில்தான். ஆனால் அங்கே விருந்தாளிகள் இருக்கும்போது நான் சாப்பாட்டு மண்டபத்தின் வாசலைக் கண்டதில்லை, காலையில் வருவேன், இரவு போவேன். இங்கேயோ சற்று முன்தான் தொப்பிக்காரனையும், பூச்செண்டு வைத்த கதவையும், உள்ளே மினுங்கிய விளக்குகளையும் பார்த்திருந்தேன். அந்தக் கதவால் உள்ளே போன ஆட்களின் தட்டுகள் இப்போது என் கைக்கு வந்தன. முழு மீன் துண்டுக்குள் கைத்துடைப்பானைச் செருகி வைத்திருந்தார்கள். தொட்டே பார்க்காத இறைச்சியின்மேல் சிகரெட்டை நசுக்கியிருந்தார்கள். கோப்பைத் தட்டின் அடியில் சுவிங்கம். யாரோ ஒருவர் ஒலிவ் கொட்டைகளைக் கிறீமுக்குள் துப்பி, அதை ஒரு பூப்போல அடுக்கி வைத்திருந்தார். அதைச் செய்ய எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று நான் யோசித்தேன். ஒரு கேக் துண்டில் சின்னப் பற்களின் தடம். ஒரு வைன் கிளாஸுக்குள் போலி நகம் ஒன்று மிதந்தது, சிவப்புப் பூச்சோடு. எல்லாவற்றையும் வழித்து ஒரே வாளிக்குள் தள்ளினோம். மீன், ரோசாப்பூ, கிறீம், சிகரெட் எல்லாம் கலந்து இளஞ்சிவப்பாக ஒரு கூழ். அதன் ஆவி முகத்தில் அடித்தது. வீட்டில் தட்டில் நாலு பருக்கை மிஞ்சினாலும் பார்த்திருக்க மாட்டாள் என் மனைவி. அவளை இன்றிரவு இதே ஆட்களுக்குப் பக்கத்து மேசையில் இருத்தப் போகிறேன்.

ஒரு விஷயத்தையும் எழுத வேண்டும். மனைவி வெளியே காத்திருக்கிறாள் என்பது எனக்கு ஒரு நிமிடமும் மறக்கவில்லை. கைபேசி ஜாக்கெட்டுக்குள் இருந்தது, ஜாக்கெட் அலமாரிக்குள் இருந்தது. திறக்கச் சொல்லி எடுத்திருக்கலாம். கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அப்படியே வெளியேறியிருக்கலாம். அந்தத் தமிழன் தனியாக மாட்டிக்கொள்வானே என்ற இரக்கம் என்று பிறகு நான் அவளிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. ஏரிக்கரையில் என் இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. இங்கே கைகளுக்குத் தெரிந்தது. அந்த எச்சில் வாளிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அன்றைக்குப் பார்த்த எல்லா ஊத்தையிலும் எனக்கு அதிகம் அருவருப்பைத் தந்தது அந்த நிம்மதிதான்.

இரண்டரை மணி நேரம் போயிருக்கும். சமையலறை வாசலில் சத்தம் குறைந்தது. திரும்பினேன். கறுப்பு உடுப்போடு வரவேற்பு மேசையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் கடும் நீலச் சட்டையோடு என் மனைவி.

பிறகு அறிந்தேன்: எத்தனையோ தரம் கைபேசியில் அழைத்திருக்கிறாள். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு, தொப்பிக்காரன் திறந்துவிட்ட முன்கதவால் நேரே உள்ளே போயிருக்கிறாள். எங்கள் பெயரைச் சொன்னதும் புன்னகையோடு வரவேற்றிருக்கிறார்கள். உங்கள் கணவர் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். இந்தக் கட்டடத்துக்குள்தான் போனார், இன்னும் வரவில்லை என்றிருக்கிறாள். என்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதா! சமையலறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவளும் அவள்தான்.

வரவேற்புப் பெண் என் ஏப்ரனைப் பார்த்தாள், மனைவியைப் பார்த்தாள். பிறகு என்னிடம் மிக மரியாதையாக ஏதோ கேட்டாள். 'காஸ்ட்' என்ற சொல் அதில் வந்தது. விருந்தாளி என்று பொருள். இருபது வருடமாக நாளுக்கு நூறு தடவை கேட்ட சொல். காஸ்ட் காத்திருக்கிறார், காஸ்ட் கோபப்படுகிறார், காஸ்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாது. அதற்கு முன்னால் 'நான்' என்று சேர்த்துச் சொல்ல என் வாய் திறக்கவில்லை. கையில் தட்டுத் தேய்க்கும் பிரஷ் இருந்தது. சோப்புத் தண்ணீர் முழங்கையால் சொட்டியது.

மனைவி சொன்னாள். "அவர் காஸ்ட். நானும் காஸ்ட்."

சமையலறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லது. தமிழன்தான் முதலில் அசைந்தான். என் கையிலிருந்த பிரஷை மெதுவாக வாங்கினான்.

"அண்ணை… நீங்கள் இஞ்ச அறை எடுத்தனியளோ?"

"ஓம்."

"உதையும் ஓம் எண்டுதான் சொல்லுவியள்." அவன் முகம் இறுகிவிட்டது. "சொல்லியிருக்கலாமே. இவ்வளவு நேரமும் உங்களை வைச்சுப் பகிடி விட்டுக்கொண்டு நிண்டிருக்கிறன். என்னைப் பேயன் ஆக்கிப்போட்டியள்."

"அப்பிடியில்லைத் தம்பி…"

"போங்கோ அண்ணை. மேலை போங்கோ."

சமையற்காரர் ஓடிவந்து பத்துத் தரம் மன்னிப்புக் கேட்டார். நாங்கள் அறைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே ஒரு தட்டுப் பழமும் ஒரு போத்தல் வைனும் அங்கே போயிருந்தன. அறை மூன்றாம் மாடியில், ஏரியைப் பார்த்தபடி. தலையணைமேல் சொக்லேட். மனைவி கதவைச் சாத்திவிட்டு, சப்பாத்தைக் கழற்றி, கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். நான் குளியலறைக்குள் போய்க் கையை மூன்று தரம் கழுவினேன். நாற்றம் போகவில்லை.

"என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னேன். சமையற்காரர் கழுவவோ என்று கேட்டதையும் நான் ஆமென்றதையும்.

"கேட்டவுடனை ஓமோ?"

"ஆள் இல்லாமல் அந்தரப்பட்டுக்கொண்டு நிண்டவை…"

"நான் அந்த அன்னங்களுக்குள்ளை பெட்டியோடை இருந்தது அந்தரமில்லையோ? தண்ணிக்கை விழுந்திட்டீங்களோ எண்டு நினைச்சன். ஆரோ ஒரு சமையற்காரனுக்கு ஓம், மனிசிக்கு என்ன?"

அவள் எழும்பி நீலச் சட்டையில் விழுந்த சுருக்கத்தைக் கையால் இழுத்து விட்டாள்.

ஏழு மணிக்கு இரவுச் சாப்பாடு. ஆறரைக்கு அவள் தயார். நான் கதவு வரைக்கும் போனேன். கைப்பிடியைப் பிடித்தேன். பரிமாறுகிறவர்கள் எல்லாரும் இந்நேரம் கதையை அறிந்திருப்பார்கள். நான் கழுவிய தட்டு என் முன்னால் வரும். அந்தத் தமிழன் கதவிடுக்கால் எட்டிப் பார்ப்பான். அதைவிட, மேசையில் எதை வைத்தாலும் எனக்கு அந்த வாளிதான் தெரியும்.

"எனக்கு ஏலாது" என்றேன். "நீர் போய்ச் சாப்பிட்டு வாரும்."

"தனியவோ? புருசன் இருக்க இரவுச் சாப்பாட்டுக்குத் தனியப் போய் இருக்கிறதோ? பாக்கிறவை என்ன நினைப்பினம்?"

"அப்ப பழம் இருக்குத்தானே."

ரயிலுக்கென்று கட்டிக்கொண்டு வந்த பாணும் முட்டைப் பொரியலும் பெட்டிக்குள் மிச்சம் இருந்தன. அவள் நீலச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, வீட்டு உடுப்போடு கம்பளத்தில் ஒரு துவாயை விரித்து, இரண்டு பேருக்கும் பங்கு வைத்தாள். பழக்கத்தில் அவள்தான் எழும்பி எழும்பித் தண்ணீர் எடுத்துத் தந்தாள். கீழே சாப்பாட்டு மண்டபத்தில் யாரோ பியானோ வாசித்தார்கள். முட்டை ஆறி, ஒரு மாதிரிக் கந்தக மணம் மணந்தது. நான் முழுவதையும் சாப்பிட்டேன்.

காலையில் கண் விழித்தபோது அவள் நீலச் சட்டையோடு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். நான் எழும்பி, நினையாமலே போர்வையை உதறி மடிக்கத் தொடங்கினேன்.

"கையை எடுங்கோ" என்றாள் திரும்பாமல். "அது அப்பிடியே கிடக்கட்டும்."

எடுத்தேன். மடித்த பாதியை அவளே வந்து பிரித்து, நன்றாகக் கசக்கிப் போட்டாள். அப்படிச் செய்யும்போது அவள் முகம் கசந்ததை நான் கண்டேன். அவளுக்கும் அது இலகுவாக இருக்கவில்லை.

"நான் சாப்பிடப் போறன்" என்றாள். "நீங்கள் வந்தாலும் போறன், வராட்டியும் போறன்."

போனாள். நான் படிக்கட்டால் இறங்கி, முன்வாசலால் ஓட்டமும் நடையுமாக வெளியேறி, வீதியைக் கடந்து ஏரிக்கரைக்குப் போனேன். சாப்பாட்டு மண்டபத்துக்குப் பெரிய கண்ணாடிச் சன்னல்கள். மூன்றாவது சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையில் அவள் தனியாக இருந்தாள். முதுகு நேராக. கைகள் இரண்டும் மடியில். பக்கத்து மேசைகளில் எல்லோரும் எழும்பிப் போய்ப் போய்ப் பாண் எடுத்தார்கள், பழச்சாறு எடுத்தார்கள். அவள் எழும்பவில்லை. வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒரு பெண் வந்து குனிந்து கேட்டாள். இவள் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு இன்னொன்று. என் காலடியில் அன்னம் ஒன்று கல்லில் கழித்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கியது. நான் விலகி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் அவள் கையைத் தூக்கினாள். அந்தப் பெண் ஓடிவந்தாள். இவள் ஒரு கரண்டியை எடுத்துக் காட்டினாள். அந்தப் பெண்ணின் கழுத்து சிவந்ததை அவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டேன், அல்லது கண்டதாக நினைத்தேன். கரண்டியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். இன்னொன்றைக் கொண்டுவந்து துடைத்து வைத்தாள். என் மனைவி தலையை மெல்ல அசைத்தாள். எங்கள் ஹோட்டலில் அப்படித் தலையசைக்கும் பெண்களை அவள் வீட்டுக்கு வந்து எனக்குச் செய்து காட்டுவாள், நாங்கள் சிரிப்போம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் பாவம் என்று தோன்றியது. அதே நேரம், என் மனைவி இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும், ஒருவரும் அவளை எழுப்ப வேண்டாம் என்றும் தோன்றியது.

ஒன்றரை மணி நேரம் இருந்தாள்.

திரும்பி வரும் ரயில் கூர் நகரத்தைத் தாண்டியது. மலை ஏறத் தொடங்கிய பிறகு நான்தான் கேட்டேன்.

"கரண்டியிலை என்ன?"

"எங்க நிண்டு பாத்தனீங்கள்?"

"கரையிலை."

"முட்டை காஞ்சு ஒட்டியிருந்தது." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்கள் கழுவினதாத்தான் இருக்கும்."

அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. சிரித்தாளா என்று குனிந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.